பன்னிரண்டரை மணிச் சுகர்

பிஸ்கட் கம்பெனியில் அவளைக் கிரீமக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நொடி, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவாள். பதினான்கு வருஷமாகக் கிரீம் அறையில் நிற்கிறாள். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, பிள்ளைகள் அதை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தை அப்பா தலையில் கட்டுமே, அது அவள் கைப்பக்குவம். மாவாக அரைத்த சர்க்கரையும் குளுக்கோஸ் மாவும் கொழுப்பும் எசன்ஸும் ஆள் உயர மிக்ஸரில் விழுந்து, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் கிரீமாகத் திரண்டு வரும். அதில் நறநறப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் போச்சு. மெஷின் அழுத்தும்போது மேல் பிஸ்கட் படபடவென்று உடையும். இந்தத் தடவைக் கிரீம் போகலாமா, இன்னும் ஐந்து நிமிஷம் சுற்றட்டுமா என்று சொல்வது அவள் பொறுப்பு. அதைக் கண்டுபிடிக்க மெஷின் ஒன்று வந்தது, ஆறு மாதம் தடுமாறியது, இப்போது மூலையில் பாலித்தீன் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

முன்பெல்லாம் நாக்கால்தான் பார்ப்பாள். ஒரு பொட்டு எடுத்து நுனிநாக்கில் வைத்து, மேலண்ணத்தில் தேய்த்தால் தெரிந்துவிடும். ஒரு ஷிப்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பொட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை ஒரு சலுகையாக நினைத்தாள். வருஷங்கள் போகப் போக இனிப்பு என்றாலே வாய் கசந்தது. அதற்குள் உடம்பில் சுகர் வந்து உட்கார்ந்துவிட்டது.

சுகர் வந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டாள். மாத்திரை இருந்தால் போடுவாள், தீர்ந்தால் வாங்கும்வரை போடமாட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, முப்பத்தைந்தாவது வயதில் நாள் தள்ளிப்போனபோதும் அவளுக்குச் சுகர் ஞாபகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஐந்தாவது மாதம் ஸ்கேன் எடுத்த டாக்டர் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். எழுந்து போய் இன்னொரு டாக்டரை அழைத்துவந்தார். குழந்தையின் இதயம் சரியாக உருவாகவில்லை என்றார்கள். குழந்தை தங்கவில்லை. ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள், பெண் என்று.

அதன்பிறகு ஒருநாள் சுகர் டாக்டரம்மா அவளை உட்கார வைத்துச் சொன்னார். "இதயம் உருவாகுறது முதல் சில வாரத்துலம்மா. நாள் தள்ளிப்போச்சுன்னு நீங்க கவனிக்கிறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிடும். அந்த நேரத்துல உங்க ரத்தத்துல சுகர் ஏகத்துக்கு இருந்திருக்கு. உங்க மேல தப்பு சொல்ல வரல, யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லல. ஆனா அடுத்த குழந்தைக்கு முன்னாடியே உடம்பைத் தயார் பண்ணிடணும். மூணு மாசத்துச் சராசரியைச் சொல்ற சுகர் டெஸ்ட்டு ஆறரைக்குக் கீழ வரட்டும். நான் சரின்னு சொன்ன பிறகு முயற்சி பண்ணுங்க. அதுவரைக்கும் கண்டிப்பா வேண்டாம்."

தப்பு சொல்ல வரவில்லை என்று டாக்டரம்மா சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. ஏகத்துக்குச் சுகர் என்பது மட்டும் ஏறியது. ஏறி அங்கேயே தங்கிவிட்டது.

அழுது தீர்க்க ஒரு வருஷம் போனது, துணிச்சல் வர இன்னொரு வருஷம் போனது. போன வருஷக் கடைசியில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, தயார் செய்யுங்கள் என்றார்கள். அப்போது மூன்று மாத டெஸ்டில் ஒன்பது புள்ளி ஒன்று இருந்தது. டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஊசி போடச் சொன்னார். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, அதுவும் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் வீரியத்தில். கண்ணுக்கு ஒரு டெஸ்ட், சிறுநீரகத்துக்கு ஒரு டெஸ்ட், தைராய்டுக்கு ஒன்று. பல்லைக்கூடக் காட்டிவிட்டு வரச்சொன்னார். குழந்தை பெற்றுக்கொள்ள எதற்குப் பல் என்று அவள் புருஷன் கேட்டான். ஈறில் புண் இருந்தால் சுகர் இறங்காது என்று அவர் விளக்கி முடித்துவிட்டு, "நீங்க சிகரெட்டை விடுங்க" என்று அவன் பக்கம் திரும்பினார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுகளுக்குள் தலைகீழாகத் தொங்கிப் பிழைப்பவன். அன்றைக்குச் சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டை ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட்டவன், அதற்கப்புறம் தொடவில்லை. ஒரு மாதம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். எல்லோர் என்றால் அவள் ஒருத்திதான். சர்க்கரை இல்லாத டீயை அவளோடு சேர்ந்து குடித்தான், காலையில் அவளோடு நாற்பது நிமிஷம் நடந்தான். வெந்த காய்கறியையும் முட்டையையும் பார்த்து, "நாக்கு செத்துப்போச்சு, அடக்கம் பண்ணிடலாம்" என்பான். ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டான்.

அவளும் எதிலும் குறை வைக்கவில்லை. முதலில் செய்தது, நாக்கால் பார்ப்பதை விட்டது. கிரீமை ஒரு பொட்டு எடுத்து, கட்டைவிரலுக்கும் அடுத்த விரல்களுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கையுறை போட்டால் நறநறப்பு தெரியாது, ஆகவே அந்தக் கையில் கையுறை கிடையாது. ஒரு வாரத்தில் விரல் பழகிவிட்டது. நாக்கைவிட விரல் கெட்டிக்காரத்தனமாக இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம். ஏன் மாற்றிக்கொண்டாள் என்று சூப்பர்வைசர் கேட்டபோது, பல் கூசுகிறது என்று சமாளித்தாள். இந்தச் சூப்பர்வைசருக்கு அரைநிமிஷம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "அரை நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர். உடம்பில் சுகர் உள்ளவள் சர்க்கரை அறையில் நிற்கிறாள் என்று தெரிந்தால் மட்டும் அரை நிமிஷத்தில் அவளை மூட்டை ஏற்றும் பக்கம் மாற்றிவிடுவார் என்று அவளுக்குப் பயம். அதனால் கம்பெனியில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

ஊசியும், விரலில் குத்தி ரத்தத்தில் சுகர் பார்க்கும் சின்ன மீட்டரும் பையின் அடியில், துண்டுக்குள் சுற்றிக் கிடக்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. கிரீம் அறைக்குள் தண்ணீர் ஒரு சொட்டு வரக்கூடாது, கிரீம் கெட்டுப்போகும். ஆகவே அங்கே கை சுத்தம் என்றால் ஸ்பிரிட்தான். வாசலில் மாட்டியிருக்கும் பாட்டிலை அமுக்கி, கையில் தேய்த்து, உதறிவிட்டு வருவாள். உடைமாற்றும் அறையில் இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்து, மறுபடியும் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு விரல் நுனியைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டருக்குக் கொடுப்பாள். என்ன வருகிறதோ அதற்குத் தகுந்தபடி ஊசி. இருநூறுக்கு மேல் போனால் இரண்டு யூனிட் கூடுதல், இருநூற்றைம்பதுக்கு மேல் போனால் நான்கு. அப்புறம்தான் கேன்டீன் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்காருவாள்.

மூன்று மாதத்தில் ஒன்பது புள்ளி ஒன்று ஏழு புள்ளி ஆறாக இறங்கியது. டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். அந்த நோட்டில்தான் அவள் தினமும் பார்த்த அளவுகளை எழுதுவாள். காலையில் நூறு, நூற்றுப்பத்து. மத்தியானம் இருநூற்று நாற்பது, இருநூற்று எழுபது. ராத்திரி மறுபடியும் ஒழுங்கு. டாக்டரம்மா மத்தியான வரிசையில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வேலை இடத்துல ஏதாவது வாயில போடுறீங்களாம்மா?"

"இல்ல டாக்டர்."

"ஒண்ணு ரெண்டு பிஸ்கட்?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

அவள் புருஷன் தலையைத் திருப்பி ஒரு தடவை அவளைப் பார்த்தான். சிகரெட்டை விட்டவனுக்கு, அடுத்தவர் விடவில்லையோ என்று ஒரு சந்தேகம் வருமே, அந்தப் பார்வை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பழி போட ஆள் தேடினால் தன்னைத் தவிர யாரும் இல்லை. லீவு நாளில் வீட்டில் மத்தியானம் பார்த்தால் நூற்றிருபதுதான் காட்டும். வேலைக்குப் போன நாளில் மட்டும் ஏன் எகிறுகிறது? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அரைத்த சர்க்கரை அந்த அறையில் புகை மாதிரி மிதக்கிறது, மூச்சு வழியாக உள்ளே போகிறது. அன்றிலிருந்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு முகமூடி கட்டினாள். வேர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது, மூக்கில் வேர்க்குரு வந்தது. மீட்டர் அசையவில்லை. இருநூற்று அறுபத்தெட்டு என்று சிரித்தது.

அதோடு மூன்று மணி உபத்திரவம் சேர்ந்துகொண்டது. மிக்ஸர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே கால் துவளும். கை நடுங்கும், கண் முன்னால் வெள்ளை அறை இன்னும் வெள்ளையாகும், சட்டை முதுகில் ஒட்டும். இப்படி ஆனால் சுகர் குறைகிறது, உடனே இனிப்பு ஏதாவது சாப்பிடு என்று, ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் பன்னிரண்டரைக்கு இருநூற்று எழுபது இருந்தது எப்படி மூன்று மணிக்குக் குறையும்? மீட்டரில் பார்க்கலாம் என்றால் நடுவேலையில் அறையை விட்டு நகர முடியாது. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது உடம்பு உதறும் போல என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். உதறல் நிற்காதபோது உடைந்த பிஸ்கட் கூடையில் கைவிட்டு இரண்டை எடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்பாள். ஐந்து நிமிஷத்தில் உலகம் பழையபடி நேராகிவிடும். அந்த இரண்டு பிஸ்கட்டுக்கு அவள் தன்னைத் திட்டிக்கொண்ட திட்டை வெளியே சொல்ல முடியாது. வாயில போடுறீங்களா என்று டாக்டரம்மா கேட்டது சரிதானே என்று நினைத்தாள். என்னை நம்பி எந்தக் குழந்தை வரும் என்றும் நினைத்தாள்.

சோர்வு என்றால் அப்படி ஒரு சோர்வு. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எழுந்திருக்க மனசு வராது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். யாரிடமும் பேசப் பிடிக்காது. வாரம் தவறாமல் புருஷனின் அக்கா போன் செய்வார். நல்ல மனசு, ஆனால் நாக்கில் பிரேக் கிடையாது. "என்னம்மா, டாக்டர் இன்னும் நாள் குறிக்கலையா? உனக்கு வயசு இறங்குற மாதிரி தெரியலையே" என்பார். அவள் சிரித்து மழுப்பிவிட்டுப் போனை வைப்பாள்.

நோட்டில் பொய் எழுதத் தொடங்கியது இந்த நாட்களில்தான். ஒரு மத்தியானம் மீட்டர் இருநூற்று எண்பத்தொன்று காட்டியது. பேனாவை எடுத்தாள். கை தானாக நூற்று முப்பத்திரண்டு என்று எழுதியது. எழுதிவிட்டுப் பார்த்தால் அழகாக இருந்தது. ஊசியை மட்டும் மீட்டர் சொன்னபடி நான்கு யூனிட் கூடுதலாகப் போட்டாள், அதில் பொய் இல்லை. மறுநாள் நூற்றிருபத்தெட்டு. அதற்கடுத்த நாள், ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று நூற்று நாற்பத்தொன்று. பொய்க்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும், அவளுக்கு அது சீக்கிரமே வந்தது. நடுவில் ஒரு தரம் நர்ஸைப் பார்க்கப் போனபோது, மீட்டரைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். மீட்டர் தன் பங்குக்கு எல்லா அளவையும் உள்ளே ஞாபகம் வைத்திருக்கும். வீட்டில் மறந்துவிட்டேன் என்றாள். அப்போது மீட்டர் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது.

அவளுக்குத் தெரியும், இதெல்லாம் மூன்று மாத டெஸ்ட் வரைக்கும்தான். அந்த டெஸ்ட்டை ஏமாற்ற முடியாது. ரத்தம் எடுத்துக்கொண்டு போனால் மூன்று மாதமும் என்ன நடந்தது என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து கையும் களவுமாகப் பிடிபடுவதற்குக் காத்திருந்தாள். பிடிபட்டால்கூடப் பரவாயில்லை, ஒரு ஓரமாகப் படுத்துத் தூங்கலாம் என்று இருந்தது.

டெஸ்ட் முடிவு பார்க்கப் போன காலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் இடமில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே போனதும் டாக்டரம்மா தாளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 

"ஆறு புள்ளி மூணு" என்றார் டாக்டரம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "நோட்டும் டெஸ்ட்டும் அப்படியே ஒத்துப்போகுது. இப்படி ஒழுங்கா எழுதுற ஆளை நான் பார்த்ததே இல்லம்மா. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இனிமே நீங்க முயற்சி பண்ணலாம்."

அவள் புருஷன் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். "நிஜமாவா டாக்டர்?" என்று இரண்டு தரம் கேட்டான். அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து மருந்து வாங்கும் வரிசையில் நின்றதும் முதல் காரியமாக அவன் அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா, டாக்டர் சரின்னுட்டாங்க!" என்று அவன் கத்தியதில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கமும் ஒரே கூச்சல். அவளுக்கு இது எதுவும் ஒட்டவில்லை. இருநூற்று எண்பது இருந்த ரத்தம் ஆறு புள்ளி மூன்று எப்படி ஆகும்? ஆய்வகத்தில் யாருடைய ரத்தத்தையோ மாற்றி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மெஷின் கெட்டிருக்கும். அந்தத் தாளை நம்பிப் போனால் பழைய கதைதான். ஐந்தாவது மாதம் ஸ்கேன் டாக்டர் பேச்சை நிறுத்துவார். இதை வாயைத் திறந்து சொன்னால் பொய்க்காரி என்று பெயர் வாங்குவாள், மறுபடியும் மாதக்கணக்கில் தள்ளிவிடுவார்கள். முப்பத்தெட்டு நடக்கிறது. சொல்லாமல் இருந்தால் இன்றைக்கே எல்லாம் முடிந்தது. வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது. மூன்றாவது ஆள் நகரும்போது அவள் விலகி நின்றாள்.

"என்னங்க. மீட்டரைக் காட்டணும்."

"எந்த மீட்டர்? அதைத்தான் வீட்டுல மறந்துட்டேன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன். நோட்டுல மத்தியானத்துக்கு எழுதினது அத்தனையும் பொய். இருநூத்தி எழுபது, எண்பதுன்னு காட்டுச்சு. நான் நூத்தி முப்பதுன்னு எழுதினேன்."

அவன் கையில் இருந்த மருந்துச் சீட்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அப்புறம், "வா" என்று முன்னால் நடந்தான்.

நர்ஸ் ஐம்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடுகிற ரகம். அவள் மீட்டரை நீட்டி, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸ் திட்டவில்லை. மீட்டர் பொத்தானை அமுக்கி அமுக்கி மூன்று மாதத்தையும் பின்னோக்கி ஓட்டினார்.

"காலையில ஒழுங்கு. ராத்திரி ஒழுங்கு. லீவு நாள்ல மத்தியானமும் ஒழுங்கு. வேலைக்குப் போற அன்னிக்குப் பன்னிரண்டரைக்கு மட்டும்தான் ஏறுது. வேலையில என்னம்மா பண்றீங்க?"

"கிரீம் அறை சிஸ்டர். ஆனா வாயில வைக்கிறதே இல்ல. முன்னாடி நாக்குல பார்ப்பேன், இப்ப விரல்லதான் பார்க்குறேன்" என்று சொல்லி, கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினாள்.

நர்ஸ் அந்த விரல்களையே பார்த்தார். "குத்துறதுக்கு முன்னாடி கையைக் கழுவுறீங்களா?"

"ஸ்பிரிட்டுல சுத்தமாத் துடைச்சிடுவேன் சிஸ்டர். ரெண்டு தரம்."

"தண்ணியில?"

"குழாய் கேன்டீன் வாசல்லதான் இருக்கு. அங்க வெச்சு மீட்டரை எடுக்க முடியுமா? குத்தி முடிச்சிட்டுத்தான் கழுவுவேன்."

நர்ஸ் எழுந்து போனார். மருந்து அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குளுக்கோஸ் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். "கிரீம் பார்க்குற மாதிரியே இதைத் தேய்ங்க. தட்டி விட்டுடுங்க. இந்தாங்க ஸ்பிரிட், உங்க வழக்கப்படி ரெண்டு தரம் துடைங்க. குத்துங்க."

குத்தினாள். மீட்டர் கொஞ்சம் யோசித்தது. இருநூற்று எண்பத்தேழு.

"இப்பப் போய் அந்தக் குழாய்ல சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு, துடைச்சிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து அதே விரலில் குத்தினாள். நூற்று ஒன்பது.

மூன்று பேரும் அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ரத்தத்துல இல்லம்மா, சர்க்கரை உங்க விரல்ல இருந்திருக்கு" என்றார் நர்ஸ். "ஸ்பிரிட்டுக்குக் கிருமிதான் சாகும், சர்க்கரை போகாது. தண்ணிக்குத்தான் கரையும். முதல் நாளே கை கழுவணும்னு சொன்னேன், பன்னண்டு விஷயத்தோட பதிமூணாவதா சொல்லியிருப்பேன். உங்க ஊசி சரி, சாப்பாடு சரி, எல்லாம் சரி. நீங்க இட்டுக்கட்டி எழுதினீங்களே நூத்தி முப்பது, உண்மையில அதுதான் இருந்திருக்கும். பொய்யைக்கூடப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கீங்க போங்க."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான் ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கேன்" என்றாள். அழுகைக்கு நடுவில் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கேன். அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப இவரு என்னைப் பார்த்தாரு சிஸ்டர்." அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். 

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். இல்லாத சுகருக்கு இத்தனை மாதமாக இரண்டும் நான்குமாக யூனிட் கூடுதல் போயிருக்கிறது. மூன்று மணிக்கு வந்தது உண்மையிலேயே சுகர் குறைந்ததால் வந்த நடுக்கம். அந்த இரண்டு பிஸ்கட் இல்லாவிட்டால் அவள் மிக்ஸர் பக்கத்தில் விழுந்திருப்பாள்.

"அந்த பிஸ்கட்தாம்மா உங்களைக் காப்பாத்தியிருக்கு" என்றார். "ஆனா இந்த ஆறு புள்ளி மூணை நான் நம்ப முடியாது. தினமும் சுகர் அடியில போய் வந்ததும் இதுல கலந்திருக்கு. கர்ப்பமா இருக்குறப்ப இப்படி மயங்கி விழுந்தா உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. கூடுதல் ஊசியை நிறுத்திடுங்க. கை கழுவிட்டுப் பாருங்க. மீட்டரை மாசாமாசம் நர்ஸ்கிட்ட காட்டுங்க. வேலை இடத்துல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க, வேணும்னா நான் சீட்டு எழுதித் தரேன். மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுப்போம். அதுவரைக்கும் வேண்டாம்."

காலையில் கொடுத்ததைப் பத்து மணிக்குத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவள் தலையாட்டினாள். எதிர்த்துக் கேட்க உடம்பில் தெம்பில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் குறைவாக இருந்தது. அவன் அவளை நிழலில் நிற்கவைத்துவிட்டு வெயிலில் நின்றான். "அன்னிக்கு நான் அப்படிப் பார்த்திருக்கக்கூடாது" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

அதற்குள் அவன் போன் அடித்தது. அக்காதான். காலையில் கேட்ட சந்தோஷத்தை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மிச்ச விவரம் கேட்கக் கூப்பிடுகிறார். அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அக்கா, சின்னச் சிக்கல். இன்னும் மூணு மாசம் பொறுக்கணுமாம். அவளுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் எனக்குத்தான். இத்தனை வருஷம் சிகரெட் குடிச்சேன்ல, அது உடம்பை விட்டுப் போகணுமாம்."

அவன் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். இவ்வளவு நல்லவனா இவன் என்று நெஞ்சு நிறைந்தது. உடனேயே, இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு மூன்று மாதம் நடக்க என்னால் ஆகாது என்றும் தோன்றியது. கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அண்ணி, நான் பேசுறேன். இவருக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். நான் நோட்டுல தப்புத் தப்பா எழுதி வெச்சிருந்தேன். டாக்டர் சரின்னு சொன்ன பிறகு நானே திரும்பிப் போய்ச் சொன்னேன், அதனால தள்ளிப் போட்டுட்டாங்க."

 பிரேக் இல்லாத அந்த நாக்கு முதல் தடவையாகத் தடுமாறியது. "சரின்னு சொன்ன பிறகா? அடிப்பாவி, எதுக்கும்மா திரும்பிப் போனே? வாயை மூடிக்கிட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்குமே. முப்பத்தெட்டு ஆகுதும்மா உனக்கு."

"தெரியும் அண்ணி. போன தடவை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லல. இந்தத் தடவை எனக்கே தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு வந்து, அந்தக் குழந்தைக்கும் ஒண்ணு ஆயிருந்தா, நான் எங்க போய் நிப்பேன்?"  நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்த மூணு மாசத்தை யாரும் என் தலையில கட்டல அண்ணி. என் பிள்ளைக்காக நானாக் கேட்டு வாங்கினது."

 அந்தப் பக்கம் அண்ணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பஸ் வந்து நின்றது. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஏறினாள், அவன் பின்னால் ஏறி அவள் பையை வாங்கிக்கொண்டான்.